தொடுங்க சார், தொடுங்க!

'தொடாதீர்கள்!'

மியூசியங்களில் பொருள்களைவிட இந்த போர்டுதான் அதிகமோ என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு விரல் வைத்தால் போதும்... எங்கிருந்தோ வாட்ச்மேன் முளைத்து "ஏய்!" என்பார்.

அமெரிக்காவில் இந்த போர்டையே தூக்கிக் கடாசிவிட்டு ஒருவர் மியூசியம் ஆரம்பித்தார். பெயர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் சொந்தத் தம்பி! இவரும் பௌதிக விஞ்ஞானிதான். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர் என்பது 1949-ல் வெட்டவெளிச்சமாக, யூனிவர்சிட்டி வேலை போச்சு. வேறு இடத்திலும் கதவு திறக்கவில்லை. மனுஷர் கொலராடோ மலைப்பக்கம் போய் மாடு வளர்த்தார். நிஜமாகவே!

பிறகு அங்கேயே ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் குப்பைமேட்டுக்கு அழைத்துப் போய், அங்கே கிடந்த ஓட்டை உடைசல்களை வைத்தே பாடம் நடத்தினார்.

அந்தக் குப்பைமேட்டுப் பாடம்தான் 1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்ப்ளோரேடோரியம்' ஆனது.

அங்கே ஒர்க்‌ஷாப்பை ஒளித்து வைக்கவில்லை. அறுப்பது, ஒட்டுவது எல்லாம் ஜனங்கள் கண்முன்னாலேயே. ஒரு பொருளைச் செய்து ஹாலில் வைத்ததோடு வேலை முடியாது. வருகிறவர்கள் அதை என்ன பாடுபடுத்துகிறார்கள் என்று நின்று பார்க்க வேண்டும். அவர்கள் திருதிருவென்று முழித்தால் தப்பு அவர்கள்மேல் இல்லை, டிசைன்மேல்! மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கு எடு.

பட்டனை அமுக்கினால் பல்பு எரிகிறது... பையன் அடுத்த பட்டனுக்கு ஓடிவிடுவான். அது பத்தாது. கூட்டி, குறைத்து, திருப்பிப் பார்த்து, "ஏன் இப்படி ஆகுது?" என்று அவனே கேட்க வேண்டும். சூட்சுமம் அங்கேதான்.

ஒரு சாம்பிள். ஆள் உயரக் கண்ணாடியின் ஓரத்தில், பாதி உடம்பு கண்ணாடிக்குப் பின்னால் மறையும்படி நில்லுங்கள். வெளியே தெரிகிற காலை மட்டும் தூக்குங்கள். எதிரே நிற்கிற நண்பருக்கு நீங்கள் அந்தரத்தில் மிதப்பீர்கள்! தெரிகிற பாதியைக் காட்டி, மறைந்த பாதியைக் கண்ணாடியே நிரப்பிவிடுகிறது. செலவு, ஒரு கண்ணாடி.

இந்த மாதிரி சரக்கையெல்லாம் பூட்டி வைத்தார்களா? ஊஹூம். 1975-ல் 'சமையல் புத்தகம்' என்றே பெயர் வைத்து, செய்முறையை அச்சடித்து விட்டார்கள். எந்த ஊர் மியூசியமும் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

ஃபிராங்க் 1985-ல் காலமானார். மியூசியம் 2013-ல் கடற்கரைத் துறைமுகக் கட்டடத்துக்கு இடம் மாறி, அங்கே ஜோராக நடக்கிறது. மியூசியத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது அவர் கட்சி. வேலையிலிருந்து துரத்தப்பட்ட மனுஷருக்கு அதன் அருமை தெரியாதா என்ன?

அண்ணன் பையன் டி.வி. ரிமோட்டைப் பிரித்துப் போட்டிருந்தால் அடிக்கக் கை ஓங்காதீர்கள் சார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுங்கள். அண்ணியை நான் சமாளிக்க முடியாது, அது உங்கள் பாடு!