ஓட்டு ஊரில், வேலை சிப்காட்டில்

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாக்களிக்கும் வயது, வாக்காளர் பட்டியல், நோட்டா என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "எங்க அப்பாவுக்கு ஓட்டு திருவண்ணாமலைப் பக்கம் ஊருல இருக்கு மிஸ். வேலை இங்க சிப்காட்ல. இங்கயே போட முடியாதா?" என்றாள். கும்மிடிப்பூண்டிக்கு அந்தக் குடும்பம் வந்து ஏழு வருடமாகிறது.

அவள் கேட்டதும் இன்னும் சில கைகள் உயர்ந்தன. ஒரு பையனின் ஊர் ஒடிசாவில். இங்கே அப்பாவுடன் இருக்கிறான், அம்மாவும் தங்கையும் ஊரில். இன்னொருத்திக்கு வீடு ஆரம்பாக்கம். அவள் அம்மா தினமும் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறார். நான் மூவருக்கும் சேர்த்து, "ஊருக்குப் போய்த்தான் போடணும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். மூவருக்கும் ஒரே பதில் இல்லை என்பது அன்று மாலை சட்டத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எங்கே 'வழக்கமாக வசிக்கிறாரோ' அந்தத் தொகுதியில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும் என்கிறது (பிரிவு 19). அடுத்த பிரிவு இதை விளக்குகிறது. சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியூர் போயிருக்கிறார் என்பதாலேயே வசிப்பிடத்தை இழந்தவரும் ஆகமாட்டார். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நம் பள்ளிப் பெற்றோர் பலர் நிற்கிறார்கள்.

ஏழு வருடமாகக் குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருக்கும் திருவண்ணாமலைக்காரர் இங்கே வசிப்பவர். அவருக்கு ஓட்டு கும்மிடிப்பூண்டித் தொகுதியில் இருக்க வேண்டும். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்த ஒடிசாக்காரர், என் புரிதலில், தற்காலிகமாக வந்தவர். ஊரில் ஓட்டை வைத்துக்கொள்ளலாம். ஆரம்பாக்கத்து அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. சட்டம் பார்ப்பது வேலை செய்யும் இடத்தை அல்ல, வசிக்கும் இடத்தை. எது எப்படியானாலும் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது (பிரிவு 17). பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பதிந்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு.

ஓட்டை மாற்றுவதற்குப் படிவம் 8. முன்பு தொகுதி விட்டுத் தொகுதி மாறுபவர்கள் படிவம் 6 கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் முதல் இந்த வேலை படிவம் 8க்கு வந்துவிட்டது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். நம்மில் பலரே அந்த அலுவலர்கள் என்பதால் இதை நீட்டவில்லை. முகவரிச் சான்றில்தான் சிக்கல். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்டால் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டுக்காரர்கள் தருவார்கள்? ஆதாரிலோ வங்கி, அஞ்சலகக் கணக்குப் புத்தகத்திலோ இந்த முகவரி இருந்தால் போதும். முதலில் அதை மாற்றிக்கொள்ளச் சொல்வதே சுலபமான வழி.

பெற்றோரிடம் பேசியபோது நான் எதிர்பாராத ஒரு பயம் வெளியே வந்தது. ஓட்டை மாற்றினால் ஊரில் ரேஷன் கார்டு போய்விடும், பட்டாவில் சிக்கல் வரும் என்று நினைக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் வேறு, குடும்ப அட்டை வேறு, நிலப் பதிவு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது நீங்காது. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேர் முகம் தெளிந்தது.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வந்தவை. ஊரில் பூட்டிய வீடு. இங்கே பதிவே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓட்டு காணாமல் போவது இப்படித்தான். பெயர் நீங்கிவிட்டவருக்குப் படிவம் 8 உதவாது, படிவம் 6 வேண்டும். கையில் அடையாள அட்டை இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியாது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கவும் வழியில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நாள் பிடிக்கும் என்பதால் பத்து நாட்களாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும்.

இருக்கும் இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு ஓட்டுப் போடும் வசதி ஏன் இல்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். அப்படி ஒரு முயற்சி நடந்தது. 72 தொகுதிகளின் வாக்குப்பதிவை ஒரே சாவடியில் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை 2022 டிசம்பர் 29 அன்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளை அழைத்து விளக்கவும் செய்தது. புலம்பெயர்ந்தவர் யார், வெளி மாநிலத்தில் முகவர்கள் எப்படி உட்காருவார்கள், நடத்தை விதிகளை அங்கே யார் செயல்படுத்துவது என்று பல கட்சிகள் எதிர்த்தன. இயந்திரம் நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே ஒடிசாக்காரர் ரயிலேறித்தான் போக வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. ஒடிசாவில் மே 13 முதல் ஜூன் 1 வரை நான்கு கட்டம். நம் வாக்குப்பதிவு நாளில் ஆலைகள் விடும் விடுமுறை அவருக்குப் பயன்படாது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்களிக்கத் தகுதியுள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது. தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை, அவ்வளவுதான்! பயண நாட்களுக்கு அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. ஸ்ரீசிட்டிக்குப் போகும் அம்மாவுக்கும் இதே பிரிவுதான் துணை.

ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மின்னணு முறையில் தபால் வாக்குச்சீட்டு அனுப்பப்படுகிறது. 85 வயது கடந்தவர்களுக்கான 12டி படிவம் வீட்டிலிருந்தே வாக்களிப்பதற்கானது. வேறு ஊரில் மகன் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது உதவாது. வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் பதியலாம். ஆனால் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும்.

மிச்சமிருப்பது நாம்தான். வேறு சாவடியில் உட்கார்ந்து பிறர் ஓட்டை வாங்கும் ஆசிரியருக்குச் சட்டம் இரண்டு வழி தருகிறது. பணி சொந்தத் தொகுதிக்குள்ளேயே என்றால் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று பெற்று, பணிபுரியும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். வெளித் தொகுதி என்றால் படிவம் 12, தபால் வாக்கு. இதில் மாவட்டத்தைப் பார்க்கக் கூடாது, தொகுதியைப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி வாக்காளருக்குப் பொன்னேரியில் பணி என்றால், மக்களவைத் தேர்தலில் இரண்டும் திருவள்ளூர் தொகுதிக்குள் வருவதால் பணிச் சான்று. சட்டமன்றத் தேர்தலில் அதே இடத்துக்குத் தபால் வாக்கு. திருத்தணியில் பணி என்றால் மக்களவைத் தேர்தலிலும் தபால் வாக்குதான். திருத்தணி நம் மாவட்டம், ஆனால் அரக்கோணம் மக்களவைத் தொகுதி.

2016 சட்டமன்றத் தேர்தலில் தபால் வாக்கை வீட்டுக்கு எடுத்து வந்து, 13ஏ உறுதிமொழியில் சான்றொப்பம் வாங்காமலேயே உறையை ஒட்டி அனுப்பினேன். அப்படிப்பட்ட உறைக்குள் இருக்கும் வாக்குச்சீட்டைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டபோது பக்கத்திலிருந்த ஆசிரியையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2023 ஆகஸ்டில் விதி மாறி, தேர்தல் பணியில் இருப்பவர்கள் அதற்கான மையத்திலேயே சீட்டைப் பெற்று, வாக்களித்து, அங்கேயே செலுத்த வேண்டும் என்றானதில் இந்தத் தவறுக்கு இடம் குறைந்திருக்கிறது. பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் முதல் பயிற்சிக்குப் போகும்போதே எழுதி எடுத்துச் செல்லுங்கள். அங்கே போய்த் தேடினால் செல்போன் சிக்னல் கிடைக்காது.

அடுத்த வாரம் வகுப்பில் என் பழைய பதிலைத் திருத்திச் சொன்னேன். வீட்டில் யார் யாருக்கு எங்கே ஓட்டு என்று கேட்டு வரச் சொன்னதில், எங்குமே பெயர் இல்லாத பெற்றோர் ஐந்து பேர் என்று தெரிந்தது. திருவண்ணாமலைக்காரர் படிவம் 8 கொடுத்துவிட்டார். ஒடிசாப் பையனின் அப்பா, அடுத்த தேர்தலுக்கும் ஊருக்கே போவதாகச் சொல்லியனுப்பினார். அந்த ஐந்து பேரையும் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஆதாருடன் வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரும் வருகிறார்.