மூன்று மணி நேரம் ஏறி ஐந்து நிமிடத்தில் இறங்குவதா?

போன மாதம் என் இரண்டாம் படிவ வகுப்பில் உராய்வு விசையைப் பற்றிப் பாடம் நடத்தியபோது ஒரு காணொளியைக் காட்டினேன். வெள்ளை வெளேரென்று ஒரு மலைச் சரிவு. அதில் எறும்பு வரிசைபோல மனிதர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதுகில் பனிச்சறுக்குப் பலகைகள். பாதிப் பேர் வெறும் டி-சட்டையில்! மேலே போனதும் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சர்ரென்று இறங்கிவிட்டார்கள். அவ்வளவுதான்.

பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “டீச்சர், மூணு மணி நேரம் ஏறி அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுறாங்க. கேபிள் கார் இருக்கிற மலைக்குப் போகலாமே? நம்ம கெந்திங்லகூட இருக்கே!”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “உடற்பயிற்சிக்காக இருக்கும்” என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவன் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று. விடை பனிக்குள்ளேயே இருந்தது.

காணொளியில் வந்த இடம் அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள வாஷிங்டன் மலை. உயரம் 1,917 மீட்டர். 4,095 மீட்டர் உயரமுள்ள நம் கினபாலு மலையில் பாதிகூட இல்லை. ஆனால் வானிலையில் மகா பொல்லாத மலை. 1934 ஏப்ரல் 12ஆம் நாள் அதன் உச்சியிலுள்ள வானிலை ஆய்வகம் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றை அளந்தது. 1996இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒரு சூறாவளி அதை முறியடிக்கும்வரை அதுவே உலகச் சாதனை.

மரங்களே இல்லாத மலையின் மேற்பகுதியில் விழும் பனியை இந்தக் காற்று வாரிக்கொண்டு போய்ப் பக்கத்திலுள்ள ஒரு பள்ளத்தில் கொட்டுகிறது. அதன் பெயர் டக்கர்மன் பள்ளம். முன்னொரு காலத்தில் பனியாறு குடைந்து வைத்த, கிண்ணம் போன்ற பள்ளம் அது. ஊரெல்லாம் பனி உருகிப் புல் முளைத்த பிறகும் இங்கே மட்டும் மே மாதம்வரை, சில ஆண்டுகளில் ஜூன்வரைகூடப் பனி கிடக்கும். ஏறிப்போக மின்தூக்கியும் கிடையாது, கேபிள் காரும் கிடையாது. சாலையிலிருந்து பள்ளத்தின் மேல் விளிம்புவரை சுமார் 900 மீட்டர் உயரம், சொந்தக் காலில் ஏற வேண்டியதுதான்.

அடிவாரத்தில் சாய்வு குறைவு. அங்கே பலர் பலகையை மாட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். வழுக்குவதற்கென்றே செய்த பலகை, ஏறும்போது மட்டும் எப்படி வழுக்காமல் இருக்கிறது? அடியில் ஒரு பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். அதில் அங்கோரா ஆட்டின் மயிரோ நைலான் இழையோ ஒரே திசையில் படுத்திருக்கும். பூனையைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள், மயிர் சிலிர்த்துத் தடுக்கும் (பூனை கடித்தால் நான் பொறுப்பல்ல). அதே கதைதான். பலகை முன்னே நழுவும், பின்னே நழுவாது. முற்காலத்தில் இதற்குச் சீல் என்னும் கடல்நாயின் தோலையே பயன்படுத்தினார்கள். பள்ளத்தின் மேல்பகுதியில் சரிவு 40 முதல் 55 பாகைவரை போகிறது. அங்கே பட்டையும் உதவாது. பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, காலணி முனையால் பனியில் உதைத்து உதைத்துப் படி செய்துகொண்டு ஏறுகிறார்கள்.

சரி, இவ்வளவு பாடும் எதற்கு?

குளிர்காலத்தில் புதிதாக விழும் பனித் துகளை உருப்பெருக்கியில் பார்த்தால் ஆறு கைகள் கொண்ட அழகிய படிகமாகத் தெரியும். இளவேனிற்காலத்தில் அந்தக் கைகள் பிழைப்பதில்லை. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகத் தொடங்கும். மிக நுண்ணிய துகள்கள்தாம் முதலில் காணாமல் போகும். அவற்றின் பருமனோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். உருகும் வெப்பநிலையும் பெரிய துகள்களைவிட இம்மியளவு குறைவு. உருகிய நீர் பெரிய துகள்களைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். இரவில் அது அப்படியே உறையும். மறுநாள் மீண்டும் உருகும், மீண்டும் உறையும். சின்னது கரைய, பெரியது வளரும். சில நாள்களில் ஆறு கைப் படிகங்கள் எல்லாம் மறைந்து, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டை மணிகளாகிவிடும். பார்ப்பதற்குச் சோள மணிகளைப் போலிருப்பதால் இதைச் சறுக்குவோர் ‘கார்ன் ஸ்நோ’ என்கிறார்கள். நாம் சோளப் பனி என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சோளப் பனி ஒரே நாளில் மூன்று வேடம் போடும். விடியற்காலையில் மணிகள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டி, சிமெண்டுத் தரைபோல இறுகியிருக்கும். அந்த நேரத்தில் 45 பாகைச் சரிவில் கால் வழுக்கினால் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. கீழே பாறைவரை சறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். முற்பகலில் வெயில் ஏற ஏற, மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் மட்டும் மணிகளை ஒட்டியிருந்த பனிக்கட்டி இணைப்புகள் இளகும். மேலே உருளும் மணிகள், கீழே உறுதியான தளம். பலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் சொன்னபடி கேட்குமாம். இதற்காகத்தான் அத்தனை பேரும் ஏறுகிறார்கள். பிற்பகலானால் ஈரம் ஆழமாக இறங்கி, உள்ளே இருக்கும் இணைப்புகளும் விட்டுப்போகும். அப்போது பனி கூழாகிவிடும். செங்குத்தான சரிவில் கூழ் அப்படியே உட்கார்ந்திருக்காது. ஈரப் பனிச்சரிவாகப் பெயர்ந்து விழும்.

ஆக, சறுக்குவதற்கு ஏற்ற நேரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம்தான். அது எப்போது வரும் என்பதை முந்தைய இரவே பாதி முடிவு செய்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இயற்பியல் உண்மை வருகிறது. பனி நம் கண்ணுக்கு வெள்ளை. புதுப் பனி, தன் மேல் படும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அகச்சிவப்புக் கதிரைப் பொறுத்தவரை அதே பனி ஏறக்குறைய ஒரு கரும்பொருள்! தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். வானம் தெளிவாக இருக்கும் இரவில் அந்த வெப்பம் விண்வெளிக்குப் போய்விடும். அதனால் காற்றின் வெப்பநிலை 0 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவிலோ, போன வெப்பத்தில் பெரும்பகுதியை மேகம் திருப்பி அனுப்பிவிடும். நம் ஊரில் மேகமூட்டமான இரவுகளில் காற்றாடி போட்டும் புழுங்குகிறதே, அதுபோலத்தான். அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு பனி சரியாக உறைந்திருக்காது. விடியும்போதே கூழ். விவரம் தெரிந்தவர்கள் அன்று மலையேற மாட்டார்கள்.

மீதிப் பாதியைச் சூரியனின் கோணம் முடிவு செய்கிறது. வாஷிங்டன் மலை இருப்பது ஏறத்தாழ 44 பாகை வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் நடுவில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 56 பாகை உயரத்தில் இருக்கும். தெற்கு பார்த்த 40 பாகைச் சரிவின்மேல் அந்த வெயில் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக விழும். வடக்கு பார்த்த அதே 40 பாகைச் சரிவிலோ சாய்ந்து உரசிக்கொண்டு போகும். கோசைன் தெரிந்த ஐந்தாம் படிவ அண்ணன் அக்காள்களிடம் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். தெற்குச் சரிவுக்கு 99 விழுக்காடு, வடக்குச் சரிவுக்கு 28 விழுக்காடு என்று வரும். மூன்று மடங்குக்கும் மேல் வேறுபாடு! டக்கர்மன் பள்ளம் கிண்ணம் போலிருப்பதால் அதன் ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. தெற்கு நோக்கிய வலப்பக்க ஓடை முதலில் இளகும். நிழல் அதிகம் விழும் இடப்பக்க ஓடை நேரங்கழித்து இளகும்; பருவ முடிவில் பனி கடைசிவரை தங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அனுபவசாலிகள் வெயிலைப் பின்தொடர்ந்து ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாறுவார்கள்.

இப்போது பின் வரிசை மாணவனின் கேள்விக்கு வருவோம். நடந்து ஏறுபவர் ஒவ்வோர் அடியிலும் பனியைச் சோதித்துக்கொண்டே போகிறார். காலையில் காலணி முனை உள்ளே இறங்க மறுக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு விரல் ஆழம் இறங்கும். ஊன்றுகோலைக் குத்தினால் எத்தனை அழுத்தத்தில் உள்ளே போகிறது என்று கை சொல்லும். கணுக்காலுக்கு மேல் கால் புதையத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் அந்தச் சரிவைவிட்டு விலக வேண்டும். கேபிள் காரில் உட்கார்ந்து மேலே போனவருக்கு இந்தத் தகவல் எதுவும் கிடைத்திருக்காது. இறங்கப்போகும் சரிவைத் தன் கால்களாலேயே மூன்று மணி நேரம் அளந்தவர் அவர்.

அந்த உழைப்பின் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆளும் சுமையும் சேர்த்து 70 கிலோகிராம் என்று வையுங்கள். 900 மீட்டர் ஏறினால் ஈர்ப்பு நிலை ஆற்றல் 70 × 9.8 × 900, அதாவது சுமார் 617 கிலோஜூல். நம் தசைகள் உணவு ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை. ஆகவே உடல் செலவழிப்பது 2,500 கிலோஜூலுக்கும் மேல். மூன்று கிண்ணம் சோறு!

அந்த 617 கிலோஜூலை அப்படியே பனிக்கட்டிக்குக் கொடுத்தால் எவ்வளவு உருகும்? நான்காம் படிவ இயற்பியலில் ‘ஹாபா பெண்டாம் தெந்து’ என்று வருமே, அந்த உருகலின் தன் உள்ளுறை வெப்பம் பனிக்கட்டிக்குக் கிலோகிராமுக்கு 334 கிலோஜூல். வகுத்தால் இரண்டு கிலோகூட வராது. மறுபக்கம், நேராக விழும் நண்பகல் வெயில் ஒரே ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ பத்தே நிமிடத்தில் இதே அளவு ஆற்றலைக் கொண்டுவந்து இறக்கிவிடும். பழைய பனி அதில் ஒரு பகுதியைத்தான் உறிஞ்சும். இருந்தாலும் ஒரு முழுச் சுவர் எத்தனை ஆயிரம் சதுர மீட்டர் என்று யோசியுங்கள். பிற்பகலில் ஏன் யாரும் அங்கே நிற்கக் கூடாது என்பது புரியும்.

உராய்வும் காற்றுத் தடையும் இல்லாவிட்டால் 900 மீட்டர் கீழே வருபவரின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டரை நெருங்கும். வளைந்து வளைந்து இறங்குவது அழகுக்காக மட்டுமல்ல. ஒவ்வொரு வளைவிலும் பலகையின் விளிம்பு பனியைத் தள்ளி இயக்க ஆற்றலைக் குறைக்கிறது. வளையாமல் இறங்கிய ஒருவர் இருக்கிறார். 1939 ஏப்ரலில் ‘இன்ஃபெர்னோ’ என்ற போட்டி, உச்சியிலிருந்து அடிவாரம்வரை சுமார் 6.4 கிலோமீட்டர். டோனி மாட் என்ற 19 வயது ஆஸ்திரிய இளைஞர், பள்ளத்தின் செங்குத்துச் சுவருக்கு முன்னால் சில வளைவுகள் எடுத்து வேகத்தைக் குறைக்க நினைத்திருந்தார். விளிம்பு எங்கே என்பதைத் தவறாகக் கணித்துவிட்டார். தெரிந்தபோது சுவரில் நேராக இறங்கிக்கொண்டிருந்தார்! விழாமல் தப்பித்து 6 நிமிடம் 29 வினாடியில் கீழே வந்தார். சராசரி வேகம் மணிக்கு 59 கிலோமீட்டர். சுவரில் இதைவிடப் பல மடங்கு பதற்றம்.

எல்லோரும் மாட் அல்லர். இந்தப் பள்ளத்தில் உயிரிழந்தவர்களும் உண்டு. சுவரின் மேலே குளிர்காலம் முழுதும் தொங்கிய பனிக்கட்டிப் பாளங்கள் இளவேனில் வெயிலில் முன்னறிவிப்பின்றி உடைந்து விழும். வேடிக்கை பார்ப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பாறைக் கூட்டம் ஒன்று அவை விழும் பாதையிலேயே இருக்கிறது. பனிக்கு அடியில் ஓடும் உருகுநீர் உள்ளே குடைந்து வெற்றிடமாக்கிவிடும். மேலே பார்த்தால் தெரியாது. அதனால் அங்கே பனிச்சரிவு ஆய்வு மையம் ஒன்று பருவம் முழுதும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. டி-சட்டைக்காரர்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. பனி, புற ஊதாக் கதிரைக் கீழிருந்தும் திருப்பி அடிப்பதால் முகவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும்கூடத் தோல் எரிந்துபோகும்.

சோளப் பனியைப் பார்க்க நீங்கள் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ஐஸ் கச்சாங் கடையில் சீவிய வெறும் பனிக்கட்டி ஒரு கிண்ணம் வாங்குங்கள், சீனிப்பாகு வேண்டாம். அதைத் தேநீர் வடிகட்டியில் போட்டு, ஐந்து நிமிடம் வெளியே வைத்து நீரை வடியவிடுங்கள். பிறகு உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். மூன்று நான்கு நாள் இதையே செய்யுங்கள். தினமும் ஒரு சிட்டிகை எடுத்து, கறுப்புத் தாளின்மேல் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். முதல் நாள் துகளின் அளவையும் கடைசி நாள் மணியின் அளவையும் குறித்து வையுங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் கரண்டியால் இடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் மேசைமேல் விட்டுவிட்டு, விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.