ஓடும் ஊர் – 11: உப்பளத்திலிருந்து உறைந்த ஏரிக்கு

பாண்டுப் கிழக்கில் பம்பிங் ஸ்டேஷன் ரோடு என்றால் பறவை பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால் உப்பளமும் அலையாத்திக் காடும், அதற்கப்பால் தானே கழிமுகம். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஓட்டக்காரர்களும் அங்கே வருவார்கள். ஜனவரியில் 15 டிகிரிக்கு இறங்கினாலே பெட்டியிலிருந்து குரங்குக் குல்லாயை எடுக்கிற ஊர் மும்பை. சாந்தாக்ரூஸில் 1962 ஜனவரி 22 அன்று 7.4 டிகிரி பதிவானதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே இருந்துகொண்டு பனியில் ஓடத் தயாராக முடியுமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 20 அன்று லடாக்கில் உறைந்து கிடந்த பாங்காங் ஏரியின் மேலேயே 21 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. லுகுங்கில் கிளம்பி மான் கிராமத்தில் முடிந்த அந்த ஓட்டத்தில் 75 பேர் ஓடினார்கள். உயரம் 13,862 அடி. கின்னஸிலும் ஏறியது. பாங்காங்கின் தண்ணீர் உப்புக் கரிக்கும். அப்படியும் குளிர்காலத்தில் இறுகிவிடுகிறது. நடத்தியவர்கள் இதற்குக் 'கடைசி ஓட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பூமி இப்படியே சூடாகிக்கொண்டு போனால் ஓடுவதற்கு அந்தப் பனி மிஞ்சாது என்ற கவலை அது. சாதனையைவிட அந்தப் பெயர்தான் என்னை உலுக்கியது.

சரி, பயிற்சிக்கு வருவோம். பனியில் ஓடுகிறவருக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி அவருடைய சொந்த வேர்வை. ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியேறுகிறது. கிளம்பும்போது குளிருக்குப் பயந்து கனமாகப் போர்த்திக்கொண்டால் சில கிலோமீட்டரிலேயே உள்ளே நனைந்துவிடும். தண்ணீர், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஓடுகிறவரை தெரியாது. வேகம் குறைந்ததும் நடுக்கம் பிடிக்கும். அதனால்தான் பழகியவர்கள் லேசாகக் குளிரும்படியான உடுப்பிலேயே கிளம்புகிறார்கள். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது கூடவே கூடாது.

வேர்வையைப் பற்றிப் பாண்டுப்காரருக்கு யார் பாடம் எடுக்க முடியும்? கழிமுகத்து ஈரக்காற்றில் வேர்வை உலராது, வழியத்தான் செய்யும். 25 கிலோமீட்டர் ஓடிவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்து பனியனைப் பிழிந்தால் தாரையாக ஊற்றும். கறுப்பு நிஜாரில் இடுப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருக்கும். ஓடுவதற்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். குடித்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. எந்த வேகத்தில் போனால் எவ்வளவு நனைகிறோம் என்பது சில வாரங்களில் பிடிபடும். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற அந்த நிதானம்தான் பனியிலும் கைகொடுக்கும்.

காற்றையும் கவனிக்க வேண்டும். போய்த் திரும்புகிற பாதை என்றால் முதலில் எதிர்காற்றில் போய்விட்டு, காற்று முதுகில் படத் திரும்புவது நல்லது. நனைந்த பிறகு எதிர்காற்றில் மாட்டக்கூடாது. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வறண்ட காற்று ஒவ்வொரு மூச்சிலும் ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் பனிக்கட்டி அடிப்பக்கம் படியும், மூடி அடைபடாது. மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடினால் வறட்டு இருமல் குறையும்.

இங்கே பழக முடியாதது உயரம். பாங்காங்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். அதற்கு ஈடு பாண்டுப்பில் எந்த மேட்டிலும் கிடையாது. பவாய்ப் பக்கம் ஏறி இறங்கினால் கால் வலுக்கும், அவ்வளவே. லேவுக்கு முன்கூட்டியே போய்ச் சில நாள் சும்மா இருந்து, மெல்ல நடந்து, உடம்பு பழகிய பிறகே மேலே போக வேண்டும். விமானத்தில் இறங்கிய மறுநாளே ஓடக் கிளம்புவது உயிரோடு விளையாடுவது.

இன்னொரு பழக்கத்தை இந்த ஞாயிறே தொடங்கலாம். ஓடி முடித்ததும் கட்டிங் சாய்க்கும் வடாபாவுக்கும் கை நீட்டுவதற்கு முன், ஈர பனியனைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாட்டிக்கொள்ளுங்கள். இங்கே அது வெறும் வசதி. பாங்காங்கில் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் முதல் வேலையே அதுதான். படம் எடுத்துக்கொள்வது பிறகு.

அடுத்த வாரம், கர்துங் லா கணவாயைக் கடந்து 72 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள்.

(தொடரும்)