ஊர்க்குப்பையும் வயல் எருவும்

செங்கற்பட்டு ஜில்லாவின் கடலோர நிலங்கள் பெரும்பாலும் மணற்பாங்கானவை. யூரியாவை இட்டபின் கனமழை பெய்யுமாயின், சத்தின் பெரும்பகுதி வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிவிடும். இத்தகைய மண்ணுக்குப் பிடிப்பை அளிப்பது மக்கிய எருவே. அதற்கு வேண்டிய பொருளோ ஊர்தோறும் சாலையோரத்தில் கொட்டிக் கொளுத்தப்படுகிறது. தழைச்சத்து புகையோடு போக, சாம்பலே மிஞ்சுகிறது.

குப்பையை எருவாக்கும் வித்தை புதியதன்று. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு கண்ட முறை 1931-ல் நூலாக வெளிவந்தது. அதில் குவியலைப் பலமுறை கிளறவேண்டும். 1939-ல் பெங்களூரில் சி. என். ஆசார்யா வகுத்த முறையில் கிளறும் வேலையில்லை. ஆள் கூலி ஏறியுள்ள இக்காலத்தில் பஞ்சாயத்துகளுக்கு ஏற்றது பின்னதே. அந்நாளில் அதிற் சேர்த்த மலம் இன்று வேண்டாம். அதைக் கையால் அள்ளுவது 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தாலும் விலக்கப்பட்டது. சாணக் கரைசலே போதும்.

ஆயினும் அக்காலத்துக் குப்பை வேறு, இக்காலத்துக் குப்பை வேறு. கண்ணாடித் துண்டு உழவன் காலைக் கிழிக்கும்; பிளாஸ்டிக் தாள் நீர் இறங்குவதைத் தடுக்கும்; பழைய பாட்டரியிலுள்ள ஈயம் மண்ணிலே தங்கிவிடும். இவ்வாறு ஒருமுறை கெட்ட எருவைக் கண்ட குடியானவர் மறுமுறை வண்டி கட்டுவரோ? ஆகவே பிரித்தல் வீட்டு வாயிலிலேயே நடைபெறவேண்டும். எல்லாம் கலந்தபின் சலிப்பது வீண் செலவு. மாமல்லபுரத்தில், இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், பேரூராட்சியுடன் சேர்ந்து ஹேண்ட் இன் ஹேண்ட் என்னும் தொண்டு ஸ்தாபனம் வீடுவீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கி மண்புழு எரு செய்தது; ஓட்டல்களின் எச்சில் உணவிலிருந்து எரிவாயுவும் எடுத்தது. யாத்திரிகர் கூடும் ஊரிலேயே இயன்றது சிறு கிராமத்தில் இயலாதென்பதற்கில்லை.

குழி 3 அடி ஆழம் இருக்கலாம். மணற்பூமியில் கிணற்றுக்கு அருகே வெட்டலாகாது. கசியும் நீர் விரைவில் குடிநீரைச் சேரும். நிலத்தடி நீர் மேலாக நிற்குமிடத்தில் குழியை விட்டுத் தரைமேல் குவிப்பதே நலம். அரையடிக் கனம் குப்பை, அதன்மேல் சாணக் கரைசல் என மாற்றி மாற்றி இட்டு, மேலே மண் பூசி மூடவேண்டும். மீன் கழிவு சேரும் குப்பங்களில் வைக்கோலோ சருகோ மிகுதியாகக் கலக்காவிடில் நாற்றமும் ஈயும் பெருகும். இளநீர் மட்டையை வெட்டிச் சிதைத்தே இடுக. முழு மட்டை எளிதில் மக்காது.

ஐந்தாறு மாதத்தில் எரு கறுத்து, சூடும் துர்நாற்றமும் நீங்கியிருக்கும். அரைகுறையாய் மக்கியதை இட்டால் அது பயிரின் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். சம்பா நடவுக்கு எரு வேண்டுவோர், மாசி மாதத்திலேயே குழியை நிரப்பி மூடும்படி பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.