மணலில் எண்ணியவர்: சதீஷ் பாஸ்கரின் ஆமைக் கணக்கு

இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில் ஜமுர்ஸ்பா-மேடி என்றொரு கடற்கரை இருக்கிறது. ஓடு இல்லாமல் தோல் போர்த்திய முதுகும் அதில் நீளவாக்கில் வரிகளுமாக இருக்கும் ஏழுவரி ஆமைகள் பசிபிக் பெருங்கடலில் இன்னும் ஓரளவு கூட்டமாக முட்டையிட வரும் சில இடங்களில் அதுவும் ஒன்று. ரிக்கார்டோ டாப்பிலாட்டு என்ற பப்புவா ஆய்வாளரின் குழு 2013-இல் 'எகோஸ்பியர்' என்ற அறிவியல் இதழில் அந்தக் கரையின் நிலவரத்தை எழுதியது. 1984-இல் அங்கே இருந்தவை பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைக் குழிகள். 2011-இல் எண்ணியபோது ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்தான் தேறின. கடலாமை ஆய்வாளர்கள் வட்டாரத்தில் பெரிய கலக்கத்தை உண்டாக்கிய எண்கள் இவை.

இதில் 2011-ஆம் ஆண்டின் எண் எப்படிக் கிடைத்தது என்பதில் புதிர் ஒன்றுமில்லை. ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆண்டுதோறும் முறையாகக் கணக்கெடுக்கும் ஏற்பாடு அதற்குள் வந்துவிட்டது. 1984-இல் அங்கே யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அந்தக் கரையில் நடந்து, ஏறக்குறையத் தனி ஆளாகவே சுமார் 700 ஏழுவரி ஆமைகளின் துடுப்பில் உலோக அடையாள வில்லை மாட்டியவர், சென்னையிலிருந்து போன சதீஷ் பாஸ்கர்.

மறைமலைநகர்வாசிகளுக்கு அவருடைய களம் ஒன்றும் தொலைவில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போய், கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம் பக்கம் திரும்பினால் வடநெம்மேலி. பள்ளிச் சுற்றுலாவில் நம்மில் பாதிப்பேர் பார்த்த அதே முதலைப் பண்ணைதான். 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய அந்த நிறுவனமும், அதற்கு முன்பே அவர் தொடங்கியிருந்த கிண்டி பாம்புப் பண்ணையும்தான் சதீஷ் பாஸ்கருக்குத் தாய்வீடு. 'ஹமாட்ரையட்' என்ற ஊர்வன ஆய்விதழ் இங்கிருந்துதான் வெளிவந்தது. அவர் எழுதியவற்றில் முக்கியமான சில அதில் அச்சாயின.

இங்கே ஒரு சிக்கலைப் பேச வேண்டும். நம் பக்கத்தில் பொத்தேரியும் காட்டாங்குளத்தூரும் கல்லூரி ஊர்கள். ஓர் ஆய்வாளரின் தரத்தை அங்கே எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டால், பேராசிரியர்கள் உடனே 'எச்-இண்டெக்ஸ்' என்பார்கள். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு அது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் பத்து. பதவி உயர்வு, நிதி, கல்லூரிகளின் தரவரிசை எல்லாவற்றிலும் மேற்கோள் கணக்கின் நிழல் விழுகிறது.

சதீஷ் பாஸ்கர் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் கண்ணிலேயே படாது. உலக வனவிலங்கு நிதியத்துக்குக் கொடுத்த அறிக்கைகள், கடலாமை ஆய்வாளர்களின் செய்தி மடலில் வந்த ஒரு பக்கக் குறிப்புகள், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 1984-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு கட்டுரை, 'ஹமாட்ரையட்'டில் சில. அவருக்குப் பட்டமும் கிடையாது. ஐஐடி-யில் பொறியியல் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டுக் கடலுக்கு வந்தவர். பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் முதல் வடிகட்டலிலேயே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் இந்தியக் கடலாமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, கடைசிப் பக்கங்களில் உள்ள பட்டியலைப் பாருங்கள். 'பாஸ்கர், 1979', 'பாஸ்கர், 1984', 'பாஸ்கர், 1993' என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

காரணம் எளிது. 1977-இல் கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. பிடித்தாலும் விற்றாலும் குற்றம். சட்டம் வந்துவிட்டது, எந்த ஆமை எந்தக் கரையில், எந்த மாதத்தில், எத்தனை வருகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒடிசாவின் கஹிர்மாதாவில் ஆயிரக்கணக்கில் பங்குனி ஆமைகள் ஒரே நேரத்தில் கரையேறும் செய்தி எழுபதுகளின் நடுவில்தான் வெளியுலகுக்கு வந்தது. மற்ற கரைகளெல்லாம் வெற்றுத்தாள். அதை நிரப்ப ஒரே வழி, நடப்பது. குஜராத், லட்சத்தீவு, கேரளம், அந்தமான், நிகோபார் என்று இரண்டு பத்தாண்டுகளில் அவர் நடந்த தூரம் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

சும்மா நடந்தால் ஆகாது. ஆமை இரவில் வந்து, முட்டையிட்டு, மூடிவிட்டு, விடியுமுன் கடலுக்குப் போய்விடும். கணக்கெடுக்கிறவருக்குக் கிடைப்பது தடம் மட்டுமே. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் கோவளம், நெம்மேலி கரையில் வரும் பங்குனி ஆமை வலமும் இடமுமாகத் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு ஊரும். தடம் முக்கால் மீட்டர் அகலம் இருக்கும். இரு பக்கக் கீறலும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. பச்சை ஆமை இரண்டு துடுப்பையும் ஒருசேர ஊன்றி உந்தும். தடம் ஏறக்குறைய ஒரு மீட்டர். இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கும். முட்டையிட்ட இடத்தில் ஆள் இறங்கி நிற்கலாம் போல ஆழமான பள்ளம். ஏழுவரி ஆமையின் தடம் ஒன்றரை, இரண்டு மீட்டர்கூட வரும். முதல்முறை பார்க்கிறவர் டிராக்டர் போயிருக்கிறது என்றே நினைப்பார். அழுங்கு ஆமையின் தடம்தான் தொல்லை. பங்குனி ஆமையுடையதைப் போலவே இருக்கும். பவளப்பாறை ஓரமா, செடி மறைவில் குழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

துடுப்பு மணலைப் பின்னுக்குத் தள்ளுவதால் ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று தெரியும். நேற்றிரவு அலை எட்டிய கோட்டுக்குக் கீழே தடம் அழிந்திருந்தால், ஆமை வந்தது அந்த ஏற்றத்துக்கு முன். ஏறி வந்து, மணல் பிடிக்காமல் முட்டையிடாமலே திரும்பிய தடங்களைக் கழிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு கிடைப்பதும் குழிகளின் எண்ணிக்கைதான். ஆமைகளின் எண்ணிக்கை ஆகாது. ஏழுவரி ஆமை ஒரே பருவத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை போலப் பலமுறை கரையேறும். நூறு குழி இருந்து, ஒவ்வோர் ஆமையும் ஐந்து முறை வந்திருந்தால் ஆமை இருபதுதான். அந்த இடைவெளியை அறியத்தான் அடையாள வில்லை. அந்தமானின் சவுத் ரீஃப் தீவில் அழுங்கு ஆமைகள் எத்தனை நாள் இடைவெளியில் மறுபடி முட்டையிடுகின்றன என்று சதீஷ் பாஸ்கர் 1996-இல் 'ஹமாட்ரையட்'டில் எழுதியது சில பக்கக் கட்டுரை. அதற்குப் பின்னால் இருப்பது பல பருவங்களின் தூக்கமில்லாத இரவுகள்.

லட்சத்தீவுக் கதை இன்னும் கடுமை. சுஹேலி வலியகரா ஆளில்லாத தீவு. பச்சை ஆமைகள் அங்கே முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழையில். அப்போது படகு எதுவும் அந்தப் பக்கம் போகாது. மழைக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்த்தால் பழைய பள்ளங்கள்தான் மிஞ்சும். ஆகவே 1982-இல் மழைக்கு முன்பே அரிசி பருப்போடு தீவில் இறங்கி, கடல் அடங்கும்வரை தன்னந்தனியாக அங்கேயே இருந்துவிட்டார். அந்த ஜூலையில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார். இருபத்துச் சொச்சம் நாளில் அது இலங்கைக் கரையில் ஒதுங்கியது. எடுத்த மீனவர் பொறுப்பாக அதைத் தபாலில் சேர்த்தார். பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் புட்டியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் சின்ன வருத்தம். அந்த மழைக்காலத்தில் அவர் நிரப்பிய கணக்கேடு புட்டியைவிட நெடுந்தூரம் போயிருக்கிறது.

அவருடைய எழுத்தின் பயனை இன்று கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் கிரேட் நிகோபாருக்குப் போக வேண்டும். அந்தத் தீவின் தென்பகுதியில் உள்ள கலத்தியா கரை ஏழுவரி ஆமைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வெளியே சொன்னவர்களில் முன்னோடி அவர். வடநெம்மேலி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அவருடைய அந்தமான்–நிகோபார் அறிக்கை அதை விரிவாகப் பதிந்தது. 2004 சுனாமி அந்த மணலையே வாரிக்கொண்டு போனது. பிறகு மணல் மெல்லச் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. 2021 ஜனவரியில் கலத்தியா விரிகுடா சரணாலயம் என்ற தகுதியை இழந்தது. 2022-இல் அங்கே பெரிய சரக்குத் துறைமுகம் உள்ளிட்ட திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. திட்டம் தேவை என்பவர்களும் கூடாது என்பவர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள். 'ஆமைகள் எப்போதும் இங்கேதான் வந்தனவா, எவ்வளவு வந்தன' என்ற கேள்வி எழும்போது, சுனாமிக்கு முந்தைய கரையைப் பார்த்து எழுதிய ஏடு கைவசம் இருப்பது எத்தனை பெரிய சங்கதி! காலத்தில் பின்னோக்கிப் போய் 1991-இன் கரையை இனி யாரும் எண்ண முடியாது. ஆய்வகத்தில் தவறிய சோதனையைத் திரும்பச் செய்யலாம். தவறவிட்ட பருவத்துக்கு அப்படியொரு வசதி இல்லை. சாதாரணமாக ஆய்வுக் கட்டுரைகள் பழசாகப் பழசாக மதிப்புக் குறையும். களக் கணக்கெடுப்புக்கு நேர்மாறு.

இதனால் பல்கலைக்கழக ஆய்வு மட்டம் என்று ஆகிவிடாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சங்கர், 1988-இல் சென்னையில் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வந்தவர். இந்தியக் கிழக்குக் கரையின் பங்குனி ஆமைகள் மரபணுவில் தனித்தன்மை உள்ளவை என்று அவருடைய குழு 2004-இல் 'மாலிக்யூலர் எக்காலஜி' இதழில் நிறுவியது உலக அளவில் பேசப்பட்ட வேலை. அவர் பங்கெடுத்த லிட்டில் அந்தமான் ஆய்வில், செயற்கைக்கோள் கருவி மாட்டிய ஏழுவரி ஆமைகள் சில ஆப்பிரிக்கப் பக்கமும் சில ஆஸ்திரேலியப் பக்கமும் போனது தெரிந்தது. கருவியோடு போய் எந்தக் கரையில் காத்திருப்பது என்று தெரிந்திருந்தால்தானே இதெல்லாம் நடக்கும்?

2010-இல் கோவாவில் நடந்த உலகக் கடலாமை மாநாடு சதீஷ் பாஸ்கரைக் கௌரவித்தது. அதற்கு வெகு முன்பே அவர் களப்பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். 2023 மார்ச்சில் கோவாவில் காலமானார். அவரைப் பற்றிய 'டர்ட்டில் வாக்கர்' ஆவணப்படம் அடுத்த ஆண்டு வந்தது.

நம் கரைக்கு வருவோம். 2025 ஜனவரியில் சென்னை–செங்கல்பட்டுக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மீனல்ல, நுரையீரலால் மூச்சுவிடுவது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமே இருக்கிறது. அந்த ஜனவரியில் 'இது வழக்கத்தைவிட அதிகமா?' என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது. பாம்புப் பண்ணைக்காரர்கள் எழுபதுகளில் சென்னைக் கரையில் போட்ட முட்டைப் பொரிப்பகத்தில் தொடங்கி, மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, மாணவர்கள் என்று கைமாறி வந்த இரவு நடைகளில் யாரோ ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்ததுதான் காரணம். தேதி, இடம், குழியின் ஆழம், முட்டை எத்தனை, செத்துக் கிடந்தது ஆணா பெண்ணா என்று அதில் இருக்கும். அந்தப் பத்திகளில் பலவற்றுக்கு முதலில் கோடு போட்டவர்களில் ஒருவர், ஐஐடி-யைப் பாதியில் விட்டு வந்த அந்த இளைஞர்.