நடக்கும் குதிரையின் முதுகில்

நடந்து செல்லும் குதிரையின் முதுகு முன்னும் பின்னுமாக, இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக ஒரே சமயத்தில் அசைகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் கூடவே அசையும். மனிதர் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ, ஏறக்குறைய அதே அசைவுதான் இது. சொந்தக் காலில் ஒருநாளும் நடந்திராத குழந்தையின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடை என்றால் என்ன என்பதைக் குதிரை உணர்த்திவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரைச் சவாரிப் பயிற்சி இந்த ஒற்றுமையின் மேல்தான் நிற்கிறது.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தொடைத் தசைகள் இறுகி, கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். குதிரையின் அகன்ற முதுகு அந்தக் கால்களை மெல்ல விரித்து வைக்கிறது. அதன் உடற்சூடும் சீரான ஆட்டமும் இறுக்கத்தைத் தளர்த்த உதவுகின்றன. குதிரை வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் குழந்தையின் உடல் சற்றே சாயும். உடனே வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் சேர்ந்து அதை நிமிர்த்தும். நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்று கொண்டால், 20 நிமிடத்தில் இது 2,000 முறை நடந்துவிடுகிறது. பாயில் படுக்கவைத்துச் செய்யும் பயிற்சியை எந்தக் குழந்தையும் இத்தனை முறை, அதுவும் சிரித்துக்கொண்டே, செய்யப் போவதில்லை.

இதில் இரண்டு வகை உண்டு. ஹிப்போதெரபியில் குழந்தை சவாரி கற்பதில்லை; குதிரையின் நடையைச் சிகிச்சைக் கருவியாகக் கையாள்பவர் பிசியோதெரபிஸ்ட் போன்ற சிகிச்சையாளர். நடையின் வேகத்தையும் திருப்பங்களையும் அவரே தீர்மானிப்பார். குழந்தையைப் பின்நோக்கி உட்காரவைப்பதும் உண்டு. இன்னொரு வகையில் பயிற்றுநர் சவாரியையே கற்றுத்தருகிறார். கடிவாளம் பிடிக்கவும், நிறுத்தவும், திருப்பவும் கற்றுக்கொள்ளும்போது கவனமும் தன்னம்பிக்கையும் வளர்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களும் பார்வையற்றவர்களும் இந்த வகையில் சேர்வதுண்டு.

இந்தப் பயிற்சிக்கு ஐரோப்பாவில் பெரும் உந்துதல் தந்தவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல். 1944-இல், 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது அவரைப் போலியோ தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயின் முழங்காலுக்குக் கீழே மட்டும் அசைவு திரும்பவில்லை. டிரெசாஜ் என்ற நுட்பச் சவாரியில் குதிரைக்குக் கட்டளை தருவது பெரும்பாலும் கால்களால்தான். ஹார்ட்டலோ உடல் எடையை இப்படியும் அப்படியும் மாற்றியும், முதுகின் நுண்ணிய அசைவாலும் ஜூபிலி என்ற தன் குதிரையோடு பேசப் பழகினார். அதுவரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒலிம்பிக் டிரெசாஜ் 1952 ஹெல்சின்கியில்தான் பெண்களுக்குத் திறந்தது. அங்கே ஆண்களோடு போட்டியிட்டு அவர் வெள்ளி வென்றார். பிறர் துணையில்லாமல் குதிரையில் ஏறவோ இறங்கவோ முடியாத அவரை, தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சீர் பதக்க மேடைக்கு ஏற்றிவிட்டார். 1956-இல் மீண்டும் வெள்ளி. அவரைப் பார்த்து நார்வேயிலும் பிரிட்டனிலும் பிசியோதெரபிஸ்டுகள் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றத் தொடங்கினார்கள். பிரிட்டனின் மாற்றுத்திறனாளிகள் சவாரிச் சங்கமும், வட அமெரிக்காவில் இதேபோன்ற சங்கமும் 1969-இல் உருவாயின. 1996 அட்லாண்டாவிலிருந்து டிரெசாஜ் பாராலிம்பிக்கில் நிலைத்த இடம் பெற்றிருக்கிறது.

எல்லாக் குதிரையும் இதற்குப் பொருந்தாது. சத்தத்துக்கும் சக்கர நாற்காலிக்கும் திடீர்க் கூச்சலுக்கும் மிரளாத, நடை சீரான குதிரை வேண்டும். தொடக்கநிலைக் குழந்தை ஒன்று ஏறினால் குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், இரு பக்கமும் துணையாக நடக்க இருவர் என மூன்று பேர் தேவைப்படுவதுண்டு. சாய்தளமும் தலைக்கவசமும் இல்லாமல் தொடங்கவே கூடாது. செலவு கூடுவதும் இதனால்தான். பல நாடுகளில் தன்னார்வலர்களின் உழைப்பே இந்தப் பயிற்சியைத் தாங்குகிறது.

பெருமூளை வாதமுள்ள குழந்தைகள் உட்காரும் நிலையிலும் சமநிலையிலும் முன்னேற்றம் காண்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சில பேரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. மூளையில் நேர்ந்த பாதிப்பைக் குதிரை நீக்கிவிடாது. அப்படி நம்பவைப்பது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். வழக்கமான சிகிச்சையோடு சேர்ந்து நடப்பதுதான் இதன் இடம். கட்டுக்குள் வராத வலிப்பு, எளிதில் முறியும் எலும்பு, இடம் பெயர்ந்த இடுப்பு மூட்டு ஆகியவை உள்ளவர்களுக்கு இது ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். அவர்களுக்குச் சிறு குலுக்கலும் தண்டுவடத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் கழுத்தைப் பரிசோதித்து ஒப்புதல் தந்த பிறகே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைக் குதிரையில் ஏற்ற வேண்டும்.