குறிநோக்கியைப் பொருத்தும் முறை

கொங்குநாட்டுக் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓரம்பு, யானையை வீழ்த்தி அப்பாலும் பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதெனப் புறநானூறு கூறும். இக்காலத்தும் இந்நாட்டில் யானையைக் குறிவைப்போர் உளர். ஆயின் அவர் எய்வது கொல்லும் அம்பன்று, மயக்கமருந்து நிறைந்த ஊசியாம். 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பகுதியில் சின்னத்தம்பி என்னுங் காட்டியானை இங்ஙனம் பிடிக்கப்பெற்று ஆனைமலைக் காட்டில் விடப்பெற்றது. அது மீண்டும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து வயல்களிற் புகவே, பிப்ரவரியில் மறுமுறையும் பிடித்து வரகளியாற்று மரக்கூண்டில் அடைத்தனர்.

ஊசி தொடை அல்லது தோளின் தடித்த தசையிற் பதிதல் வேண்டும். எலும்பிற் பட்டால் மருந்து முழுதும் இறங்காது. அரைமயக்கத்தில் நிற்கும் யானை, கயிறு கட்டச் செல்லும் பாகர்க்கும் தனக்கும் கேடு விளைக்கும். ஆகலின், துப்பாக்கியின்மேல் தொலைநோக்கியைப் பிழையறப் பொருத்தும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தொலைநோக்கிக் குழாயை இரண்டு வளையங்கள் தாங்குகின்றன. அவ்விரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். நம்மூர்ப் பம்புசெட்டில் மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒருநேராக இல்லாவிடின் பேரிங் தேய்ந்து கெடுமன்றோ? அதுபோலவே, வளையங்கள் கோணினால் குழாய் வளைந்து பழுதுறும். மேலும், வளையங்களுக்கிடையே 100 மில்லிமீட்டர் தொலைவிருக்க, பின்வளையம் 0.1 மில்லிமீட்டர் விலகினும், 40 மீட்டரில் 4 செண்டிமீட்டரும் 100 மீட்டரில் 10 செண்டிமீட்டரும் குறி பிறழும்.

இனிச் செய்முறை. முதற்கண் துப்பாக்கியில் ஊசியோ தோட்டாவோ இல்லையென்பதை இருமுறை நோக்குக. அதனைத் தாங்கியில் இருத்தி, ரசமட்டம் வைத்துச் சமன்செய்க. வளையங்களின் கீழ்ப்பாதிகளை இறுக்கிக் குழாயைக் கிடத்தி, மேற்பாதிகளைத் தளர்வாக மூடுக. துப்பாக்கியைத் தோளிற் சார்த்தி, கரிய விளிம்பின்றிக் காட்சிவட்டம் முழுதுந் தோன்றும்வரை குழாயை முன்பின் நகர்த்துக. கண்ணுக்கும் ஆடிக்கும் ஏறக்குறைய 9 செண்டிமீட்டர் இடைவெளி அமையும். இது குறைந்தால், வேட்டைத் துப்பாக்கி பின்னுதைக்கும்போது குழாய் புருவத்தைத் தாக்கும். பின்னர்த் தொலைவில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, உள்ளிருக்கும் சிலுவைக்கோட்டின் நெடுங்கோடு அந்நூலோடு ஒன்றுமாறு குழாயைச் சுழற்றுக. திருகுகளை ஒருங்கே முடுக்காது, மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. மிகையாக முடுக்கின் குழாய் நசுங்கும்.

திருத்தத்தக்க வளையத்தின் சிறப்பு யாதெனின், அதன் இருபக்கத் திருகுகளுள் ஒன்றைத் தளர்த்தி மற்றதை முடுக்க, பின்வளையம் பக்கவாட்டில் நகரும் என்பதே. ஊசி இடப்புறம் விழுமாயின் பின்வளையத்தை வலப்புறமும், வலப்புறம் விழுமாயின் இடப்புறமும் நகர்த்துக. பெரும்பிழையை இங்ஙனம் நீக்கிய பின்னரே தொலைநோக்கியின் சிறுதிருகுகளைத் தொடல் வேண்டும். முதலிலேயே அவற்றைத் திருகினால், அவை எல்லையை எட்டிப் பின்னர்த் திருத்தத்திற்கு இடமின்றிப் போம்.

முடிவில், மருந்தூசிக்கு ஒத்த எடையுள்ள வெற்றூசியால் எய்து பார்க்க. ஊசி எறிகல்போல் வளைந்து தாழ்வதாதலின், 30 மீட்டருக்குத் திருத்திய குறி 50 மீட்டருக்குப் பொருந்தாது. எத்தொலைவில் எய்ய எண்ணுகின்றோமோ அத்தொலைவிலேயே சோதித்தல் முறை.

ஓரியின் வில்லாண்மை கையிலுங் கண்ணிலும் இருந்தது. இன்றோ, வளையத்தை முடுக்குவோன் பொறுமையிலும் அதன் பங்கு உண்டு. காட்டில் யானையை அணுகும் பாகன் அவனை அறியான். ஆயினும் அவன் செய்த வேலையை நம்பியே செல்கின்றான்.